நான் நிற்கும் வரிசை மட்டும் ஏன் நகர்வதில்லை?

கேள்வி: தனியார் நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவில் வேலை பார்க்கிறேன். அன்றாடம் கண்ணில் படும் விசித்திரங்களை ஒரு நோட்டில் குறித்து வைத்து, எங்கள் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டு மலரில் வேடிக்கைத் துணுக்குகளாக எழுதி வருகிறேன். பஸ் வராமலே இருந்துவிட்டு இரண்டாகச் சேர்ந்து வருகிறது. சூப்பர் மார்க்கெட்டில் பக்கத்து வரிசைதான் நகர்கிறது. முதல் மாடியில் குடியிருக்கும் நான் மொட்டை மாடிக்குப் போக லிஃப்டை அழைத்தால், அது மேலிருந்து கீழே இறங்கித்தான் வருகிறது. பையனின் ஜாம் ரொட்டி கைதவறினால் ஜாம் பக்கம்தான் தரையைத் தொடுகிறது. குடை எடுக்காத நாளில் மழை பெய்கிறது. தலைக்குச் சீயக்காய் தேய்த்த நிமிடத்தில் அழைப்பு மணி அடிக்கிறது. படிப்பவர்கள் சிரிக்கிறார்கள். ஆனால் எஞ்சினியரான என் தம்பி, ‘எல்லாம் மனப்பிரமை அக்கா’ என்கிறான். மாமியார் ஏழரைச் சனி என்கிறார். உண்மையில் எனக்கு மட்டும்தான் இப்படி நடக்கிறதா?
- ஒரு வாசகி, தாம்பரம்

பதில் (புள்ளியியல் பேராசிரியர்):

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் நோட்டில் இருக்கும் ஆறில் நான்கு பிரமையே அல்ல. கணக்குப் போட்டுக் காட்டிவிடலாம். மீதி இரண்டில் மட்டும் தம்பியின் பக்கம் நியாயம் இருக்கிறது. அதற்குக் கடைசியில் வருகிறேன்.

முதலில் பஸ். ஆறிலும் கனமான விஷயம் இதுதான், ஏனென்றால் தினமும் லட்சக்கணக்கானவர்களின் காலை நேரத்தைத் தின்பது இது. பத்து நிமிடத்துக்கு ஒன்றாகத்தான் வண்டிகளை அனுப்புகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். முதல் வண்டி வழியில் ஒரு சிக்னலில் இரண்டு நிமிடம் கூடுதலாக நின்றுவிடுகிறது. அந்த இரண்டு நிமிடத்தில் அடுத்த நிறுத்தத்தில் இன்னும் நாலைந்து பேர் வந்து சேர்ந்துவிடுகிறார்கள். ஒருவர் கைக்குழந்தையோடு ஏறுகிறார். இன்னொருவர் காய்கறிக் கூடையை முதலில் ஏற்றிவிட்டுப் பிறகு தான் ஏறுகிறார். படியில் நிற்பவர்கள் கீழே இறங்கி வழிவிட்டு மறுபடி தொற்றிக்கொள்கிறார்கள். கண்டக்டர் எல்லோரையும் உள்ளே தள்ளிப் போகச் சொல்லி விசில் ஊதுவதற்குள் இன்னும் ஒரு நிமிடம் போய்விடுகிறது. ஆகவே அடுத்த நிறுத்தத்துக்கு அந்த வண்டி மூன்று நிமிடத் தாமதத்தோடு போகிறது. அங்கே அதைவிடப் பெரிய கூட்டம்.

பின்னால் வரும் வண்டிக்கோ நேர்மாறாக நடக்கிறது. முன்னது எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விட்டதால் நிறுத்தங்களில் ஆளே இல்லை. நின்றதும் கிளம்பிவிடுகிறது. இப்படியே போனால் எங்கேயோ ஓரிடத்தில் முன்னதன் முதுகில் போய் ஒட்டிக்கொள்ளாமல் என்ன செய்யும்? கார்டன் நியூவெல், ரென்ஃப்ரி பாட்ஸ் என்ற இருவர் 1964-ல் இதைக் கணிதமாகவே எழுதிக் காட்டினார்கள். தானாக விட்டால் சிறு தாமதம் ஒவ்வொரு நிறுத்தத்திலும் வளர்ந்துகொண்டேதான் போகும். ஓட்டுநர் மீதோ கண்டக்டர் மீதோ குற்றமே இல்லாவிட்டாலும் வண்டிகள் சேர்ந்துவிடும். நெரிசலில் வியர்த்துக் கொட்டும் கண்டக்டரை யாராவது திட்டும்போதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

இப்போது உங்கள் காத்திருப்பைப் பார்ப்போம். வண்டிகள் இப்படிச் சேர்ந்துபோய், 18 நிமிட இடைவெளி, 2 நிமிட இடைவெளி என்று மாறி மாறி வருவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஒரு மணி நேரத்தில் ஆறு வண்டிகள் வந்துவிட்டன. சராசரி இடைவெளி 10 நிமிடம்தான். பணிமனையில் கேட்டால் அப்படித்தான் சொல்வார்கள், அது பொய்யும் இல்லை. ஆனால் அந்த 60 நிமிடத்தில் 54 நிமிடத்தை மூன்று நீண்ட இடைவெளிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. குட்டி இடைவெளிகள் மூன்றுக்கும் சேர்த்து மிச்சம் இருப்பது 6 நிமிடம். முற்றத்தில் ஓர் அண்டாவையும் ஒரு டம்ளரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் மழைத்துளி அண்டாவில்தான் அதிகம் விழும். அதைப்போல, கடிகாரம் பார்க்காமல் நிறுத்தத்துக்கு வரும் நீங்கள் பத்துக்கு ஒன்பது தடவை அந்த 18 நிமிடத்துக்குள்தான் வந்து விழுவீர்கள். வண்டிகள் சீராக வந்திருந்தால் சராசரிக் காத்திருப்பு 5 நிமிடம். இப்போது அது 8.2 நிமிடம். வண்டியின் எண்ணிக்கையோ டீசல் செலவோ மாறவில்லை. கூடிய 3.2 நிமிடம் முழுவதும் உங்கள் தலையில் விழுகிறது.

மாமியாரிடம் இதைப் பக்குவமாகச் சொல்லுங்கள். ஏழரைச் சனி சில ராசிக்காரர்களுக்குத்தான். இந்த 18 நிமிடம் நிறுத்தத்தில் நிற்கும் பன்னிரண்டு ராசிக்காரர்களுக்கும் பொது.

இதே கணக்குக்கு இன்னொரு முகமும் உண்டு. சேர்ந்து வரும் அந்த இரண்டு வண்டிகளில் முன்னதில் 90 பேர், பின்னதில் 10 பேர் என்று கொள்வோம். வண்டிக்குச் சராசரி 50 பேர். உட்கார இடம் இருந்திருக்கும் போலவே தோன்றும். ஆனால் நூறு பயணிகளை நிறுத்திக் கேட்டால் 90 பேர் மூச்சு முட்டியது என்பார்கள். காலி வண்டியில் வந்ததாகச் சொல்லப் பத்துப் பேர்தான் இருப்பார்கள். கூட்டமான வண்டியில்தான் கூட்டம் இருக்கிறது, ஆகவே அதில் இருப்பவராக நீங்கள் இருக்கவே வாய்ப்பு அதிகம். நம் சினேகிதிகளுக்கெல்லாம் நம்மைவிட அதிகம் சினேகிதிகள் இருப்பதாகத் தோன்றுவதும் இந்தக் கணக்கால்தான். நிறையப் பேரிடம் பழகுகிறவர்தான் நிறையப் பேருடைய நட்புப் பட்டியலில் இருப்பார். சமூகவியலாளர் ஸ்காட் ஃபெல்ட் 1991-ல் இதை எழுதினார். பிறர் வீட்டு விசேஷப் படங்களைப் பார்த்துத் தன் வாழ்க்கை வெறிச்சோடிக் கிடப்பதாக வருந்தும் இளம்பெண்கள் எனக்கு எழுதும்போது, மற்ற எந்த ஆறுதலையும்விட இந்தக் கணக்கைத்தான் முதலில் சொல்கிறேன்.

இதில் உடனடியாக உங்களுக்குப் பயன்படும் ஒன்று உண்டு. வெகுநேரம் வராமல் இருந்து, படியில் தொங்கிக்கொண்டு ஒரு வண்டி வந்தால், அவசரம் இல்லாத நாளில் அதை விட்டுவிடுங்கள். அடுத்தது பக்கத்திலேயே காலியாக வந்துகொண்டிருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் நீங்கள் வந்து நின்றதுமே வந்த வண்டி கூட்டமாக இருந்தால் அந்த நம்பிக்கையை வைத்துக்கொள்ளாதீர்கள். அது எவ்வளவு நேர இடைவெளிக்குப் பிறகு வந்தது என்று உங்களுக்குத் தெரியாது. பக்கத்தில் நிற்பவரைக் கேளுங்கள்.

அடுத்து வரிசை. மூன்று கவுன்டர்கள், மூன்று வரிசைகள். ஏறக்குறைய ஒரே நீளம். நீங்கள் நிற்பதே வேகமான வரிசையாக இருக்க வாய்ப்பு மூன்றில் ஒன்றுதான். மூன்றுக்கு இரண்டு தடவை உங்கள் இடமோ வலமோ யாராவது முந்துவார்கள். இதில் பிரமை எங்கே வந்தது? பத்து கவுன்டர் உள்ள கடைக்குப் போனால் பத்துக்கு ஒன்பது தடவை தோற்பீர்கள், அவ்வளவுதான்.

இதற்கு மேல் கொஞ்சம் பிரமையும் கலக்கிறது. தம்பிக்காக அதையும் சொல்லிவிடுகிறேன். 1999-ல் ‘நேச்சர்’ இதழில் டொரன்டோவின் மருத்துவர் டொனால்ட் ரெடல்மையரும் புள்ளியியலாளர் ராபர்ட் திப்ஷிராணியும் சாலை நெரிசலைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார்கள். பக்கத்துத் தடமும் நம் தடமும் ஒரே சராசரி வேகத்தில் நகர்ந்தாலும் பக்கத்துத் தடம் வேகமாகப் போவதாகவே தோன்றும் என்று காட்டினார்கள். நம் தடம் நகரும்போது, பக்கத்தில் நெருக்கியடித்து நிற்கும் பத்து வண்டிகளைச் சில நொடிகளில் தாண்டிவிடுகிறோம். அவர்கள் தடம் நகரும்போது வண்டிகள் இடைவெளி விட்டு ஓடுவதால், அதே பத்து வண்டி நம்மைத் தாண்ட அதிக நேரம் பிடிக்கிறது. முந்துகிற நேரம் குறைவு, முந்தப்படுகிற நேரம் அதிகம். போதாக்குறைக்கு, முந்தியவர் கண்ணெதிரிலேயே இருக்கிறார்; நாம் முந்தியவர் முதுகுக்குப் பின்னால் போய்விடுகிறார். ஊருக்குப் போகும்போது சுங்கச்சாவடியில் தடம் மாற்றத் துடிக்கும் ஓட்டுநரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். தடம் மாற்றும்போதுதான் உரசல்களும் சண்டைகளும் வருகின்றன.

சூப்பர் மார்க்கெட்டில் எந்த வரிசையில் நிற்பது என்று கேட்டால், தள்ளுவண்டியில் குவிந்திருக்கும் சாமானைப் பார்க்காமல் தலைகளை எண்ணுங்கள் என்பேன். ஒவ்வொரு தலைக்கும் உறுப்பினர் எண் கேட்பது, பை வேண்டுமா என்பது, கைபேசியைத் தேடி எடுத்துப் பணம் அனுப்புவது, அது ‘போய்ச் சேர்ந்ததா’ என்று இருவரும் சேர்ந்து எட்டிப் பார்ப்பது என்று ஒரு நிலையான செலவு உண்டு. ஒரு சோப்பு வாங்கினாலும் அவ்வளவு நேரம், மாதச் சாமான் வாங்கினாலும் அவ்வளவு நேரம். கூடை தூக்கிய நாலு பேரைவிட வண்டி நிறையச் சாமான் வைத்த ஒருவர் பல சமயம் சீக்கிரம் முடித்துவிடுவார்.

போகும் நேரத்தையும் பார்த்துக்கொள்ளுங்கள். ஆட்கள் வருவதும் ஒவ்வொருவருக்கும் பிடிக்கும் நேரமும் முன்கூட்டித் தெரியாத ஒரு கவுன்டர் தன் நேரத்தில் பாதி மட்டும் வேலையாக இருந்தால், சராசரியாக ஓர் ஆளை முடிக்கும் நேரம் அளவுக்குக் காத்திருந்தால் போதும். அதே கவுன்டர் 90 சதவீத நேரம் வேலையாக இருந்தால் காத்திருப்பு ஒன்பது மடங்கு ஆகிறது. கூட்டம் இரட்டிப்பாகக்கூட ஆகவில்லை, கவனியுங்கள். ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணிக்குப் போகாமல் செவ்வாய்க்கிழமை மதியம் போனால் கிடைக்கும் நிம்மதிக்கு இதுதான் காரணம். இந்தக் கணக்கு வகையைத் தொடங்கி வைத்தவர் ஆக்னர் எர்லாங் என்ற டென்மார்க்காரர். கோபன்ஹேகன் தொலைபேசி நிறுவனத்தில் வேலை பார்த்தவர். தொலைபேசி அழைப்புகள் வந்து குவிவதைப் பற்றி 1909-ல் எழுதிய கட்டுரையில் ஆரம்பித்து, எத்தனை இணைப்புகள் இருந்தால் எத்தனை அழைப்புகள் காத்துக் கிடக்கும் என்று கணக்கிடும் வழியைக் கொடுத்தார். உங்கள் வங்கியில் இன்று டோக்கன் கொடுத்து, எந்த கவுன்டர் காலியோ அங்கே அழைக்கிறார்களே, அதுவும் அவர் தொடங்கிய கணக்கின் வழியில் வந்ததுதான். ஒரே வரிசை, பல கவுன்டர் என்று ஆக்கிவிட்டால் ஒரு கவுன்டர் சும்மா இருக்க இன்னொன்றில் ஆட்கள் தேங்கும் அநியாயம் இல்லை. எனக்குப் பின்னால் வந்தவர் எனக்கு முன்னால் அழைக்கப்படவும் மாட்டார். எந்த அலுவலகத்திலாவது டோக்கன் இயந்திரத்தை மூலையில் தூக்கிப் போட்டுவிட்டுப் பழையபடி முண்டியடிக்க விட்டிருந்தால், தயவுசெய்து புகார் புத்தகத்தில் எழுதுங்கள். அங்கே முதலில் தள்ளப்படுகிறவர்கள் வயதானவர்கள்தான்.

லிஃப்ட் விஷயம் எனக்கு மிகவும் பிடித்தது. தரைத்தளமும் அதற்கு மேல் ஆறு மாடிகளும் உள்ள கட்டடம், நீங்கள் முதல் மாடி என்று வைத்துக்கொள்கிறேன். காலை வேளையில் லிஃப்ட் மேலும் கீழுமாக ஓடிக்கொண்டே இருக்கிறது. கீழிருந்து மேலே போய்த் திரும்ப அது பன்னிரண்டு மாடித் தூரம் பயணம் செய்கிறது. அதில் பத்து, உங்கள் தலைக்கு மேலே. உங்களுக்குக் கீழே இருப்பது இரண்டு மட்டும். நீங்கள் பொத்தானை அழுத்தும் நேரத்தில் லிஃப்ட் மேலே இருக்க வாய்ப்பு ஆறில் ஐந்து. மேலே இருந்தால் இறங்கித்தானே வர வேண்டும்? ஜார்ஜ் காமோவ் என்ற இயற்பியலாளருக்கும் மார்வின் ஸ்டெர்ன் என்ற அவருடைய சகாவுக்கும் 1950-களில் இதே சந்தேகம் வந்தது. ஒரே கட்டடத்தில் ஒருவர் அறை கீழ்மாடியில், மற்றவர் அறை மேல்மாடியில். கீழே இருந்தவருக்கு லிஃப்ட் எப்போதும் இறங்கி வந்தது, மேலே இருந்தவருக்கு எப்போதும் ஏறி வந்தது. ஆறாம் மாடிக்குக் கீழே ஐந்தாம் மாடியில் குடியிருப்பவரைக் கேளுங்கள். கீழே போக நிற்கும்போதெல்லாம் லிஃப்ட் மேலே ஏறிக்கொண்டு வருவதாக அவர் புலம்புவார். உங்கள் அடுத்த துணுக்கை அவரோடு சேர்ந்து எழுதலாம்.

ஜாம் ரொட்டிக்குக் காரணம் ஜாமின் எடை இல்லை, மேசையின் உயரம். விளிம்பிலிருந்து சரியும் ரொட்டி மெல்லச் சுழலத் தொடங்குகிறது. நம் சாப்பாட்டு மேசை முக்கால் மீட்டர் உயரம்தான், ஆகவே தரைக்கு வருவதற்குள் அரைச் சுற்றுக்கு மேல் சுற்ற அதற்கு நேரம் கிடைப்பதில்லை. ராபர்ட் மாத்யூஸ் என்ற ஆங்கிலேயர் 1995-ல் இதை ஓர் இயற்பியல் இதழில் கணக்கிட்டு எழுதினார். பையனைத் தரையில் சம்மணமிட்டுச் சாப்பிட வைத்தால் ரொட்டிக்கு அந்த அரைச் சுற்றுக்கும் நேரம் இருக்காது. ஜாம் தப்பிக்கும்.

இனி தம்பிக்கு உரிய இரண்டு. குடையும் அழைப்பு மணியும். குடை எடுக்காமல் போய் நனைந்த நாள் நினைவில் நிற்கிறது: புடவை, கோப்புகள், ஈரச் செருப்போடு அலுவலகத்தில் கழித்த பகல் எல்லாம் சேர்ந்து. குடை எடுக்காமல் போய் மழையும் வராத நாளில் நினைவில் வைக்க என்ன இருக்கிறது? அப்படிப்பட்ட நாட்கள்தான் ஆண்டில் மிக அதிகம். சீயக்காய் தேய்க்கும்போது மணி அடிக்காத எண்ணெய்க் குளியல் எதையும் உங்கள் நோட்டு பதிவு செய்யவில்லை. உண்மை தெரிய வேண்டுமென்றால் ஒரு பக்கத்தில் நாலு கட்டம் போடுங்கள். குடை எடுத்தேன், மழை வந்தது; எடுத்தேன், வரவில்லை; எடுக்கவில்லை, வந்தது; எடுக்கவில்லை, வரவில்லை. ஐப்பசி, கார்த்திகை முழுவதும் ஒரு நாள் விடாமல் கோடு போட்டு வாருங்கள். குடை எடுத்ததை வீட்டை விட்டுக் கிளம்பும்போதே குறித்துவிட வேண்டும், மாலையில் நினைவிலிருந்து எழுதக் கூடாது. நினைவு நமக்குப் பிடித்த கட்டத்துக்கு ஒரு கோடு கூடுதலாகப் போட்டுவிடும்.

இந்த நாலு கட்டத்தை நான் வகுப்பில் வலியுறுத்துவதற்குக் காரணம் குடை இல்லை. ‘இந்தப் பொடியைச் சாப்பிட்டேன், காய்ச்சல் போய்விட்டது’ என்பவர் ஒரே ஒரு கட்டத்தைத்தான் பார்க்கிறார். சாப்பிட்டும் போகாதவர்கள், சாப்பிடாமலே சரியானவர்கள் என்று மற்றக் கட்டங்களில் எத்தனை பேர் என்று கேட்கக் குடையில் பழகியவருக்கு மருந்திலும் கேட்கத் தோன்றும். உங்கள் பையனுக்கு இதை விளையாட்டாகவே கற்றுக்கொடுத்துவிடலாம்.

ஆகவே எழுதுவதை நிறுத்தாதீர்கள். பஸ்ஸைப் பற்றிய துணுக்கை மட்டும் ஆண்டு மலரோடு விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். லண்டனில் மணிக்கு ஐந்து அல்லது அதற்கு மேல் பஸ்கள் ஓடும் தடங்களில், வண்டி நேரப்படி வந்ததா என்பதோடு நிற்பதில்லை. பயணி நியாயமாகக் காத்திருக்க வேண்டியதைவிட எத்தனை நிமிடம் கூடுதலாகக் காத்திருந்தார் என்பதையே அளவுகோலாக வைத்து ஓட்டும் நிறுவனங்களை மதிப்பிடுகிறார்கள். நான் மேலே சொன்ன 3.2 நிமிடம் அந்த வகை எண்தான். நம் ஊர்த் தடங்களுக்கும் அந்த எண்ணைக் கேட்க நமக்கு எல்லா உரிமையும் உண்டு. கேட்டால், வழியில் ஓரிரு நிறுத்தங்களில் நேரக் காப்பாளரை வைத்து, முன்னால் ஓடும் வண்டியோடு ஒட்டிவிட்டதை இரண்டு நிமிடம் பிடித்து வைக்கும் ஏற்பாடாவது நடக்கலாம்.

நீங்கள் கணக்குப் பிரிவில் இருப்பது வசதி. வேலை நாளில் காலை எட்டு மணியிலிருந்து பத்து மணி வரை உங்கள் தட எண் வண்டி ஒவ்வொன்றும் நிறுத்தத்தைத் தாண்டும் நேரத்தைக் குறித்துத் தர, எதிரில் கடை வைத்திருப்பவர் யாரையாவது கேட்டுக்கொள்ளுங்கள். அடுத்தடுத்த வண்டிகளுக்கு இடையில் எத்தனை நிமிடம் என்று எழுதுங்கள். ஒவ்வொரு இடைவெளியையும் அதே எண்ணால் பெருக்கி, எல்லாவற்றையும் கூட்டுங்கள். வந்த தொகையை, இடைவெளிகளின் கூட்டுத்தொகையைப் போல் இரு மடங்கால் வகுங்கள். வருவது சராசரிக் காத்திருப்பு. அட்டவணையில் உள்ள இடைவெளியில் பாதியை அதிலிருந்து கழித்தால் கூடுதல் நிமிடங்கள் வந்துவிடும். ஒரு வாரத்துக்கு இப்படிச் செய்து, தேதி, தட எண், நிறுத்தத்தின் பெயர், வண்டிகள் தாண்டிய நேரம் எல்லாவற்றையும் ஒரே தாளில் தட்டச்சு செய்து, உங்களோடு நிற்பவர்களின் கையெழுத்தோடு பணிமனையின் கிளை மேலாளருக்கு அனுப்புங்கள். ஒரு நகலை எனக்கும் அனுப்பினால், எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன்.